பழைய எம்எக்ஸ்-5 ‘டிக் டிக்’ என்கிறதா? ஸ்பேனரை எடுக்குமுன் காதைத் தீட்டுங்கள்

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிற வண்டி. ஒரு வாரம் வெளியூர் போய்வந்து, ஈசூன் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் திருப்பினேன். பானட்டுக்குள் யாரோ தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி சத்தம். பக்கத்து லாட் அண்ணன் எட்டிப் பார்த்து, “தம்பி, எஞ்சின் போச்சுப்பா” என்றார். முதலில் போன வொர்க்ஷாப்பிலும் எஞ்சினை இறக்கித்தான் பார்க்கணும் என்றார்கள். இறக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஆயில்

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். சாய்வான தளத்தில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பொய் சொல்லும். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்துச் செருகி எடுங்கள். கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் ஊற்றிவிட்டுத்தான் மற்ற எல்லாம். டிப்ஸ்டிக் நுனியை வெள்ளை டிஷ்யூவில் துடைத்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுப்பாகத் துகள் தெரிந்தால் அத்தோடு நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். எஞ்சின் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலும் அப்படியே.

என் வண்டியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வெட்கம்தான்.

படி 2: சத்தம் எப்போது வருகிறது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமா, சூடான பிறகுமா? நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கிறதா? நின்றால் இல்லை, ஓடும்போது வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடுகிறது என்றால் சக்கர பேரிங், டயர் பக்கம் போங்கள். அடுத்து கிளச்சை மிதியுங்கள். மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் கிளச் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம். மிதித்தால் அடங்குகிறது என்றால் கியர்பாக்ஸ் பேரிங். இந்த ஒரு மிதியிலேயே ‘எஞ்சின் போச்சு’ கதை பாதி முடிந்துவிடும்.

படி 3: தாளம் போடுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 14 தடவை சுற்றுகிறது. வால்வுகளை இயக்கும் காம் ஷாஃப்ட் அதில் பாதி, 7 தடவை. மிருதங்கம் படித்தவர்களுக்குச் சொன்னால், மேலே முதல் காலம், கீழே இரண்டாம் காலம்.

நொடிக்கு 14 அடியைக் காதால் எண்ண முடியாது. ஃபோனில் பதிந்து கால் (நான்கில் ஒரு பங்கு) வேகத்தில் ஓடவிடுங்கள். அப்படி மெதுவாக ஓடும்போது பத்து நொடியில் 17, 18 அடி விழுந்தால் சத்தம் மேலே, காம் பக்கம். 35 விழுந்தால் கீழே, கிராங்க் பக்கம். இரண்டு மூன்று லிஃப்டர் (காமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் பாகம்) ஒன்றாகத் தட்டினால் கணக்கு குழம்பும். அதனால் குரலையும் கேளுங்கள். மெல்லிய ‘டிக் டிக்’ பெரும்பாலும் லிஃப்டர். கனமான ‘டொக் டொக்’, அதுவும் ஏற்றத்தில் மிதிக்கும்போது கூடினால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5ல் இருப்பவை ஹைட்ராலிக் லிஃப்டர்கள். உள்ளே நிரம்பும் ஆயில்தான் வால்வின் இடைவெளியை அடைக்கிறது. பல நாள் நின்றால் ஆயில் வடிந்து, மறுபடி நிரம்பும் வரை டிக்டிக்கும். 1998ல் வந்த இரண்டாம் தலைமுறையில் ஹைட்ராலிக் கிடையாது, அங்கே இந்த விளக்கம் செல்லாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) கேஸ்கெட் கசிந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். உலோகம் சூடாகி விரிந்ததும் அது அடங்கிவிடுவதால் பலர் ஏமாறுகிறார்கள். மேனிஃபோல்ட் ஓரம் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: திருப்புளி ஸ்டெதஸ்கோப்

இங்கே வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது குற்றம். கீழே வருபவற்றை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். நான் சின் மிங்கில் தெரிந்த மெக்கானிக் அங்கிளிடம் சனிக்கிழமை மதியம் ஒரு மூலை கேட்டு வாங்கினேன்.

நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். வால்வ் கவர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் காதுக்குள்ளேயே தட்டுகிறதோ, அதுதான் இடம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் வைத்தால் டிக்டிக் என்றுதான் கேட்கும், அது அதன் பிறவிக் குணம், பயப்படாதீர்கள். தொங்கும் கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டைக்கை வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றும்.

படி 5: ஒவ்வொன்றாகக் கழற்றி

கீச், கரகர என்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றி முப்பது நொடி மட்டும் ஓட்டுங்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதற்கு மேல் ஓட்டக்கூடாது. சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், பம்ப், பெல்ட் இவற்றில் ஒன்று.

டொக் டொக் என்றால் ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் சத்தம் சட்டென்று மங்கினால் அந்த ராட் பேரிங். பிளக் வயரை உருவாதீர்கள், ஷாக்கும் அடிக்கும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

1991 வரையிலான ஆரம்பகால 1.6 வைத்திருப்பவர்கள் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி ஆடுகிறதா என்றும் பாருங்கள். அந்த எஞ்சின்களில் கிராங்க்கின் மூக்குப் பகுதி குட்டை, புல்லியைப் பிடித்துவைக்கும் ‘கீ’ உட்காரும் பள்ளம் தேய்வது தெரிந்த வியாதி.

என் வண்டியில் திருப்புளி காட்டிய இடம் வால்வ் கவர், பின்பக்க மூலை. அங்கிளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. ஃபோனில் கால் வேகத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்டவர், “லிஃப்டர் லா” என்றார். ஆயில், ஃபில்டர் மாற்றி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியதில் சத்தம் நின்றது. இன்னமும் ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் முதல் நிமிடம் டிக்டிக்கென்று முறைத்துவிட்டுத்தான் அடங்குகிறது.