பழைய வால்தர் பெட்டி அசல்தானா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் செய்த பிபி அல்லது பிபிகே மாடல் பிஸ்டலோடு அசல் அட்டைப்பெட்டி என்று யாராவது நீட்டினால், முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். 1945 வரை வால்தர் தொழிற்சாலை இருந்தது ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள செல்லா-மேலிஸ் ஊரில். போருக்குப் பின் நிறுவனம் இடம் மாறிய உல்ம் ஊரின் பெயர் அச்சாகியிருந்தால் அது போருக்குப் பிந்தைய பெட்டி, பேச்சே வேண்டாம்.

அப்புறம் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் பரவலானது 1950-களில்தான். லேபிள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது பின்னாளில் அடித்தது. ஒளிராவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம். பழைய தாளைத் தேடிப் பிடித்தும் போலி அடிப்பார்கள்.

விலையைத் தூக்குவது எண்தான். பெட்டியிலுள்ள வரிசை எண் பிஸ்டலோடு பொருந்தினால், மூலை கிழிந்திருந்தாலும் தாராளமாகக் கொடுக்கலாம். எண்ணைச் சுற்றி அட்டை சுரண்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கிழிசலுக்கு டேப் ஒட்டிவிடாதீர்கள்.