தாங் யுவான்: விரிசல் விடாமல், கரையாமல் பிடிக்கும் முறை

மலேசியச் சிற்றூர்களில் டிசம்பர் 21 அல்லது 22 வந்தால் சீனர் வீடுகளில் தாங் யுவான், அதாவது இனிப்புப் பாகில் விடும் அரிசிமாவு உருண்டை, கொதிக்கும். குளிர்காலத் திருப்பமான தோங் ஷி அன்று இதை முன்னோருக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள். பார்ப்பதற்கு எளிது. ஆனால் முதல்முறை பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் மாவிலேயே தவறிவிடும்.

மாவு

பூலுட், அதாவது ஒட்டும் அரிசி மாவுதான் வேண்டும். கொழுக்கட்டை, இடியாப்ப மாவில் செய்தால் உருண்டை இழுவையாக வராது. கடையில் இரண்டும் ஒரே மாதிரிப் பொட்டலத்தில் இருக்கும். மூன்று தலை யானை படம் போட்ட தாய்லாந்து மாவு என்றால் சிவப்பு எழுத்து சாதாரண அரிசி, பச்சை எழுத்து பூலுட். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் காலைச் சந்தையில் வண்ணம் சேர்த்துப் பிசைந்த மாவையே எடைபோட்டு விற்பார்கள். அவசரத்துக்கு அது போதும். சுவைக்கு வீட்டில் பிசைவதே மேல்.

நாலைந்து பேருக்கு 200 கிராம் மாவும் 150 மி.லி. வெதுவெதுப்பான நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நீரை மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள்.

தாய் மாவு

தாய்லாந்து மாவு அல்ல, தாயாக நின்று மீதி மாவைச் சேர்த்துப் பிடிக்கும் மாவு. பலர் விட்டுவிடும் படி இது. பிசைந்ததில் எலுமிச்சை அளவு கிள்ளி, வடை போலத் தட்டி, கொதிநீரில் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மிதக்கும். எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் மீதி மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவில் கொதிநீர் ஊற்றுகிறோமே, அதே காரியம்தான்: வெந்த மாவு பசையாகி மற்றதைப் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் உருட்டும்போதே விரிசல் விடும், கொதிக்கும்போது கரையும்.

மாவு காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். அழுத்தினால் ஓரம் வெடித்தால் ஒரு தேக்கரண்டி நீர். கையில் ஒட்டினால் ஒரு தேக்கரண்டி மாவு. மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் ஒரு சொட்டுச் சிவப்பு உணவு வண்ணம் சேருங்கள். ஒரு சொட்டே போதும், வெந்தபின் நிறம் ஏறும். ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள்.

பாகு

ஒரு லிட்டர் நீரில் தட்டிய இஞ்சி 50 கிராம், முடிச்சிட்ட பாண்டான் இலை நான்கு (இலங்கையில் ரம்பை) போட்டுச் சிறுதீயில் 20 நிமிடம். பிறகு கல்கண்டு 120 கிராம். குலா மலாக்கா (பனைவெல்லம் போன்ற கருப்பட்டி வகை) போட்டால் மணம் அருமை, ஆனால் பாகு கறுத்து உருண்டைகளின் வெள்ளையும் சிவப்பும் தெரியாது. பண்டிகையன்று கல்கண்டையே பரிந்துரைப்போம்.

உருட்டி வேகவைத்தல்

ஒன்று 8 கிராம், அதாவது பெரிய கோலிக்குண்டு அளவு; நாற்பதுக்கு மேல் வரும். உருண்டைதான் இங்கே பொருளே. மாண்டரினில் வட்டத்துக்கான சொல், குடும்பம் ஒன்றுகூடுவதைச் சொல்லும் ‘துவான் யுவான்’ என்பதிலும் இருக்கிறது. அதனால் குழந்தைகளையும் உட்காரவைத்து உருட்டச் சொல்லுங்கள், கோணலானாலும் பரவாயில்லை.

பாகிலேயே வேகவைக்காதீர்கள். மாவுக் கஞ்சி கலந்து பாகு கலங்கும், உருண்டையும் சீராக வேகாது. தனிப் பாத்திரத்தில் நிறையக் கொதிநீர், ஒரு தடவைக்குப் பதினைந்து உருண்டை. போட்டவுடன் அடியில் ஒட்டாமல் கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளிவிடுங்கள். மிதந்தபின் இன்னும் ஒரு நிமிடம். எடுத்துக் குளிர்ந்த நீரில் முக்கி, பிறகு சூடான பாகில் விடுங்கள். குளிர்நீர் மேற்பசையைக் கழுவுவதால் ஒன்றோடொன்று ஒட்டாது.

வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பட்டாணி அளவில் பிடித்து, பாதியாக நறுக்கிக் கொடுங்கள். தொண்டையில் அடைக்கக்கூடிய பண்டம் இது.

வெந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகும். அன்றே தீர்த்துவிட வேண்டும். மீதி வேண்டுமென்றால் வேகாத உருண்டைகளை மாவு தூவிய தட்டில் இடைவெளி விட்டு உறைய வைத்து, கெட்டியானபின் பையில் போடுங்கள். வேண்டியபோது உருகவிடாமல் நேரே கொதிநீரில் போட வேண்டும். உருகினால் நசுங்கி ஒட்டிவிடும்.