கம்பெனிக்கு பேரு அப்ரூவ் ஆகணுமா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

நான் கும்பகோணத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், புதுசா கம்பெனி பதிவு பண்ற வேலை பெரும்பாலும் என் டேபிளுக்கு தான் வரும். வர்றவங்கள்ல முக்காவாசி பேரு காவேரி, பொன்னி, சோழா, டெல்டா, தஞ்சை, இந்த அஞ்சுல ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டு தான் வந்து உக்காருவாங்க. ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்க வேற என்ன பேரு வைப்பாங்க, அந்த ஆசை எனக்கு நல்லாவே புரியுது. ஆனா அதே ஆசை கல்லணைலேர்ந்து பூம்புகார் வரைக்கும் இருக்கற எல்லாருக்கும் நமக்கு முன்னாடியே வந்துருச்சு. பேரு ரிஜெக்ட் ஆகி, கட்டுன ஆயிரம் ரூவா போயி, அதை விட பெருசா மனசு விட்டுப் போயி நிக்கிறவங்களைப் பாத்து பாத்து தான் இதை எழுதுறேன்.

பேரை மூணு துண்டா நினைச்சுக்கங்க. முதல் துண்டு உங்களோட தனி வார்த்தை, நடுவுல என்ன தொழில்ங்கிறது, கடைசில கம்பெனி வகை. கடைசி துண்டுல நமக்கு சாய்ஸே கிடையாது, சட்டமே சொல்லிடும். ரெண்டு மூணு பேரு சேர்ந்து பண்ணா பிரைவேட் லிமிடெட், ஒரே ஆளா பண்ணா ஓ.பி.சி.ங்கிற எழுத்தும் கூட வரும், விவசாயிங்க பத்து பேராவது சேர்ந்து ஆரம்பிக்கறது புரொட்யூசர் கம்பெனி லிமிடெட்னு முடியணும். நம்ம ஊர்ல நிதி லிமிடெட்னு வைக்கணும்னு நிறைய பேரு கேக்குறாங்க, அது நிதி கம்பெனிக்குன்னு தனியா இருக்கற விதிப்படி ஆரம்பிக்கறவங்களுக்கு மட்டும் தான், மளிகைக் கடைக்கோ பைனான்ஸ் தொழிலுக்கோ சும்மா அழகுக்கு சேத்துக்க முடியாது. பேங்க், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி வார்த்தைங்களுக்கும் சம்பந்தப்பட்ட ரெகுலேட்டர் அனுமதி வேணும். அரசாங்கமே நடத்துதோன்னு நினைக்க வைக்கற பேரும் நிக்காது.

முதல் துண்டு தான் உயிர். ரிஜெக்ட் ஆறது எல்லாமே கிட்டத்தட்ட அதுல தான்.

ஏற்கனவே இருக்கற கம்பெனி பேரு மாதிரியே இருந்தா கிடையாதுன்னு 2013 கம்பெனிச் சட்டம் 4-வது பிரிவு சொல்லுது, "மாதிரியே"ன்னா என்னன்னு 2014 இன்கார்ப்பரேஷன் ரூல்ஸ்ல 8-வது ரூல் விலாவாரியா சொல்லுது. நம்மாளுங்க தப்பு பண்ற இடமே இது தான். கம்பெனி பேரு இங்கிலீஷ் எழுத்துல தானே பதிவாகுது, அதனால காவேரிய கே போட்டு ஒருத்தன் வாங்கிருந்தா நான் சி போட்டு வாங்கிக்கறேன்னு நினைக்கறாங்க, தஞ்சைல ஒரு எச் எடுத்துடறாங்க, சோழாவுல ஒரு இசட் சேக்குறாங்க. சத்தம் ஒண்ணா இருந்தா அது ஒரே பேரு தான், ஸ்பெல்லிங்க எப்படி வளைச்சாலும் சரி. ஒருமையைப் பன்மை ஆக்குறது, நடுவுல புள்ளி வைக்கறது, ரெண்டு வார்த்தையை ஒட்டி எழுதுறது, முன்ன இருந்த வார்த்தையைப் பின்ன தள்றது, பின்னாடி ஒரு நம்பர் போடறது, டாட் காம் சேக்குறது, எதுவுமே வேலைக்கு ஆகாது. இருக்கற பேரை அப்படியே முழுசா ஹிந்திலயோ இங்கிலீஷ்லயோ மொழிபெயர்த்து வச்சாலும் அதே கதை. மூடிட்ட கம்பெனி பேரு தானேன்னு எடுக்கவும் முடியாது, கம்பெனிங்களைப் பதிவு பண்ற ஆபீசான ஆர்.ஓ.சி. ஸ்ட்ரைக் ஆஃப் பண்ண, அதாவது பதிவேட்டுலேர்ந்து நீக்குன கம்பெனியோட பேரு கெஜட்ல வந்த நாள்லேர்ந்து இருபது வருஷத்துக்கு யாருக்கும் கிடையாது.

ஊர் பேரு சேத்தாலும் தப்பிக்க முடியாது. இன்னொருத்தர் கம்பெனி பேருக்குப் பின்னாடி மன்னார்குடின்னு சேத்தா அது புதுப் பேரு ஆயிடாது, வெறும் தஞ்சாவூர் பிரைவேட் லிமிடெட்னும் வாங்க முடியாது. ஊர் பேரு வேணாம்னு சொல்லல, ஆனா வியாபாரம் வெளியூர் போகும்போது அது எப்படி இருக்கும்னு யோசிங்க. நம்ம சிட்டி யூனியன் பேங்கையே எடுத்துக்கங்க, 1904-ல கும்பகோணம் பேங்க் லிமிடெட்னு தான் ஆரம்பிச்சது, 1965-ல வேற ரெண்டு பேங்க் வந்து சேந்தப்போ கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க்னு ஆச்சு, 1987-ல ஊர் பேரு போயி இப்ப இருக்கற பேரு நின்னுது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, கும்பகோணம் வெத்தலை, இதெல்லாம் புவிசார் குறியீடு வாங்கின பேருங்க, ஊர் மொத்தத்துக்கும் சொந்தம். அதை ஒருத்தர் கம்பெனிக்குள்ள போட்டு பூட்டிக்கணும்னு நினைக்கறது எனக்கு சரியாப் படல.

அப்ப எங்க தேடறது? உங்க வீட்டுக்குள்ள, உங்க வயலுக்குள்ள தேடுங்கன்னு தான் சொல்வேன். நம்ம பக்கம் வார்த்தைக்கா பஞ்சம், குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறுன்னு ஆறுங்க மட்டும் எத்தனை இருக்கு, மடை, மதகு, பத்தாயம், குதிர், மரக்கா, நாத்தங்கால்னு பேசுற வார்த்தைங்க எத்தனை இருக்கு. இதெல்லாம் காலியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொண்ணையும் தேடிப் பாக்கணும், ஆனா பொன்னி வாசல்ல நிக்கற கூட்டம் இங்க இருக்காது. அரிசி வியாபாரத்துக்கு பொன்னிங்கிறது நெல் ரகத்தோட பேரு வேற, சீரக சம்பா, மாப்பிள்ளை சம்பா, கிச்சிலி சம்பாவும் அப்படித்தான், பேரு கிடைச்சாலும் நாளைக்கு அடுத்தவரை விக்காதேன்னு சொல்ல முடியாது.

நாச்சியார்கோவில்லேர்ந்து ஒரு அண்ணன் வந்தாரு, விளக்குப் பட்டறை வச்சிருக்காரு, அப்பா காலத்துலேர்ந்து நாப்பது வருஷமா ஒரே போர்டு, குலசாமி பேரு. கம்பெனியா மாத்தணும்னு வந்தாரு. தேடிப் பாத்தா அதே வார்த்தையை விளக்குக்கான அதே கிளாஸ்ல, அதாவது டிரேட்மார்க்ல பொருளை வகை பிரிக்கற பிரிவுல, வேற மாநிலத்துக்காரர் ஒருத்தர் டிரேட்மார்க் வாங்கி வச்சிருக்காரு. அண்ணன் ஜி.எஸ்.டி. சர்டிபிகேட், சிறு தொழிலுக்குப் பதிவு பண்ணி வாங்குன உத்யம் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வச்சு "இதுல எல்லாம் இந்தப் பேரு தானே தம்பி இருக்கு, எப்படி இன்னொருத்தன் பேருன்னு சொல்ற"ன்னு கேட்டாரு, குரல் நடுங்குச்சு. ஜி.எஸ்.டி.யும் உத்யமும் பேரை உங்களுக்கு எழுதிக் குடுக்கறது இல்லன்னு அவருக்கு சொல்றது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. டிரேட்மார்க் பதிவானதோ, விண்ணப்பத்துல இருக்கறதோ, ரெண்டுமே தடை தான், அந்த ஓனர் கிட்டேர்ந்து ஆட்சேபணை இல்லன்னு என்.ஓ.சி. வாங்கி வச்சா தான் பேரு கிடைக்கும். முன்னாடியே உபயோகிச்சவங்களுக்கு டிரேட்மார்க் சட்டம் 34-வது பிரிவுல பாதுகாப்பு இருக்கு, ஆனா அதுக்கு வக்கீலைப் பாக்கணும், பேரு அப்ரூவலுக்கு அது உதவாது. அண்ணன் வீட்டுக்குப் போயி அம்மா கிட்ட உக்காந்து பேசிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்தாரு, தாத்தா பேருல முதல் எழுத்துங்க, ஆச்சி பேருல கடைசி எழுத்துங்க, ரெண்டும் சேர்ந்து எந்த அகராதிலயும் இல்லாத ஒரு வார்த்தை. முதல் தடவையே அப்ரூவ் ஆச்சு.

அதனால ஃபார்ம் போடறதுக்கு முன்னாடியே தேடுங்க. மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சகம், அதான் எம்.சி.ஏ., அதோட சைட்ல கம்பெனி பேரு செக் பண்ற வசதி இலவசம், டிரேட்மார்க் சைட்ல பப்ளிக் சர்ச்சும் இலவசம், அதுல எழுத்தை வச்சு தேடறதோட நிறுத்தாம சத்தத்தை வச்சு தேடறதையும் பண்ணுங்க, கிளாஸ் நம்பர் கேக்கும், அரிசி 30, விளக்கு 11, ரெடிமேட் துணி 25, ஹோட்டல் 43. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, பேரை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாத்து அது வேற எப்படியெல்லாம் எழுத வரும்னு யோசிச்சு அத்தனையும் தேடுவேன். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

ஃபார்ம் பேரு ஸ்பைஸ் பிளஸ், 2020 பிப்ரவரிலேர்ந்து புதுக் கம்பெனிக்கு இது தான், அதுல பார்ட் ஏ மட்டும் பேருக்கு. லாகின் பண்ணி கம்பெனி வகை, எந்தத் தொழில்னு காட்டுற என்.ஐ.சி. கோடு நம்பர், என்ன பண்ணப் போறீங்கங்கிற விவரம், அப்புறம் ரெண்டு பேரு, விருப்ப வரிசைல. டிஜிட்டல் கையெழுத்து இதுக்கு வேணாம். பேருல அக்ரோன்னு போட்டுட்டு விவரத்துல சாஃப்ட்வேர்னு எழுதுனா திரும்பி வரும், ரெண்டும் பொருந்தணும். பேருக்கு என்ன அர்த்தம், எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு ரெண்டு வரி தெளிவா எழுதுங்க, பாக்குற ஆபீசருக்குத் தமிழ் தெரியாமலே இருக்கலாம், பத்தாயம்னா நெல் கொட்டி வைக்கற மரப்பெட்டின்னு நீங்க சொன்னா தான் தெரியும். ரெண்டாவது பேரை ஒப்புக்குப் போடாதீங்க, முதல் பேருலயே ஒரு எழுத்தை மாத்திப் போட்டா முதலுக்கு வந்த அதே காரணத்துல அதுவும் போயிடும். ஆயிரம் ரூவா கட்டி சப்மிட் பண்ணா பேரை எல்லாம் பாக்குற மத்திய ஆபீசான சி.ஆர்.சி.க்குப் போகும், எங்க அனுபவத்துல ரெண்டு மூணு வேலை நாள்ல பதில் வந்துடுது.

ரீசப்மிஷன்னு வந்தா பயப்படாதீங்க, பதினஞ்சு நாள்ல ஒரே ஒரு தடவை திருத்தி அனுப்பலாம், வேற பேரும் குடுக்கலாம், திரும்ப காசு இல்ல. அவங்க எழுதிருக்கற காரணத்தைப் படிங்க, எந்தக் கம்பெனி மாதிரி இருக்குன்னு அதுல இருக்கும். அவசரப்பட்டு அன்னைக்கு ராத்திரியே இன்னொரு பேரைத் தட்டி அனுப்பி அதுவும் ரிஜெக்ட் ஆனா, மறுபடி புது ஃபார்ம், மறுபடி ஆயிரம்.

அப்ரூவ் ஆச்சுன்னா அன்னைலேர்ந்து இருபது நாள் தான் அந்தப் பேரு உங்களுக்காக நிக்கும். அதுக்குள்ள ஃபார்மோட மிச்ச பாதியான பார்ட் பி, கம்பெனி நோக்கத்தைச் சொல்ற மெமோராண்டம், உள் விதிங்களைச் சொல்ற ஆர்ட்டிகல்ஸ், ஆபீஸ் அட்ரஸ் புரூஃப், டைரக்டருங்க டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் முடியணும். அறுவடை நேரத்துல புரொட்யூசர் கம்பெனிக்குப் பத்து பேரு கையெழுத்து வாங்கறது லேசு இல்ல, அதனால ஆதார், பான் எல்லாத்தையும் பேரு போடறதுக்கு முன்னாடியே சேத்து வச்சுக்கங்க. முடியலன்னா ஆயிரம் கட்டி நாப்பது நாளா நீட்டலாம், அதுலேர்ந்து இன்னும் ரெண்டாயிரம் கட்டி அறுபது வரைக்கும் போகலாம், அதுக்கு மேல கிடையாது. போர்டு எழுதுறது, பை அடிக்கறது எல்லாம் சர்டிபிகேட் கைக்கு வந்தப்புறம் வச்சுக்கங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, கம்பெனி பேரு கிடைச்சா டிரேட்மார்க் கிடைச்சதா அர்த்தம் இல்ல. டிரேட்மார்க் ஓனர், உங்க கம்பெனி பதிவாகி மூணு வருஷத்துக்குள்ள, எம்.சி.ஏ.வோட ரீஜனல் டைரக்டர் கிட்ட கம்பெனிச் சட்டம் 16-வது பிரிவுல போனா, மூணு மாசத்துல பேரை மாத்துன்னு உத்தரவு வரலாம், அப்பவும் மாத்தலன்னா ரெக்கார்டுல உங்க பேருக்குப் பதிலா உத்தரவை நிறைவேத்தலங்கிற அர்த்தத்துல எழுத்தும் நம்பரும் தான் நிக்கும். அதனால சர்டிபிகேட் வந்த வாரமே டிரேட்மார்க்குக்கும் போட்டுடுங்க, சிறு தொழில்னா ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு 4,500 ரூவா, அதுக்கு அந்த உத்யம் சர்டிபிகேட்டு உதவும்.