சொப்பு சாமானோடு உட்காருங்கள்: ஒன்றரை வயதுக் குழந்தையோடு பேசிப் பழக

ஒன்றரை வயதுக் குழந்தை ரிமோட்டைக் காதில் வைத்து ஏதோ மழலையில் பேசிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? பதிலுக்குத்தான் பார்க்கிறது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கையில் கிடைத்ததை நீங்களும் காதில் வைத்து "ஹலோ, யாரு? பாட்டியா?" என்று கேளுங்கள், அப்புறம் பேசாமல் காத்திருங்கள். ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்கும் முறையைக் குழந்தைகள் சொற்கள் வருவதற்கு முன்பே இப்படி விளையாட்டில்தான் பழகுகிறார்கள்.

தினம் கொஞ்ச நேரம் தரையில் குழந்தைக்கு எதிரே உட்காருங்கள். சொப்பு சாமான் இல்லையென்றால் இரண்டு டம்ளர், இரண்டு கரண்டி போதும். எதுவானாலும் இரண்டிரண்டாக இருக்கட்டும், அப்போதுதான் அதன் கையிலிருப்பதைப் பிடுங்காமல் அது செய்வதையே நீங்களும் செய்ய முடியும். அது தட்டினால் தட்டுங்கள், "பா" என்றால் நீங்களும் "பா". பெரும்பாலும் சட்டென்று நிறுத்தி உங்களைப் பார்க்கும், மறுபடி தட்டி நீங்கள் தொடர்கிறீர்களா என்று சோதிக்கும். நான் மிக முக்கியமாக நினைப்பது இந்த இடத்தைத்தான், ஏனென்றால் தான் செய்ததற்கு ஒருவர் பதில் தருகிறார் என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டது.

சில சுற்று போனதும் புதிதாக ஒன்றே ஒன்று சேருங்கள். டம்ளரில் கரண்டியால் கலக்கி "காபி", ஊதி "சூடு", பொம்மை வாயில் வைத்து "குடி". ஓரிரு சொல்லுக்கு மேல் வேண்டாம். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். பார்வை, கை நீட்டல், ஒரு சத்தம், எது வந்தாலும் அது குழந்தையின் பதில்தான்.

"காபி சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று மட்டும் கேட்காதீர்கள், அது பரீட்சை. "பாப்பி" என்றால் "ஆமா, காபி" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடருங்கள்.

கார்ட்டூன் இந்த வேலையைச் செய்யாது, குழந்தைக்காக அது காத்திருப்பதில்லை. 2 வயதுக்குள் திரை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும். வீடியோ காலில் பாட்டி என்றால் வேறு விஷயம், பாட்டி காத்திருப்பார்.

ஒரு வயதாகியும் கையசைப்பதோ சுட்டிக்காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கும் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.