பறவைக் காய்ச்சல்: எல்லையோரக் கறிக்கோழிப் பண்ணையின் கேட்டைக் காப்பது எப்படி

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் வளரும் கறிக்கோழி நாள்தோறும் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் போகிறது. கோழியை இறக்கிய வண்டி காலிக் கிரேட்டோடு திரும்பி வந்து அடுத்த பண்ணையின் வாசலில் நிற்கிறது. ஆலப்புழைத் தாழ்நிலங்களில் 2014, 2016, 2021, 2024 என நோய் வெடித்தபோதெல்லாம் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து தெளித்தார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் டயரில் காய்ந்து ஒட்டிய எச்சத்தின் மேல் அரை நிமிடம் அடிக்கும் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் வைரஸைத் தொடாது. சாவடியை நம்பிப் பண்ணைக் கேட்டைத் திறந்து போட வேண்டாம்.

இந்த வைரஸ் பெரும்பாலும் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் ஏறிப் பயணிக்கிறது. வெயிலில் நன்றாகக் காய்ந்த எச்சத்தில் சில நாட்களில் செத்துவிடும். குளிர்ந்த, ஈரமான எச்சத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வலசைப் பறவைகள் குளங்களுக்கு வருவதும் ஐப்பசியிலிருந்து மாசி வரைதான். கீழே சொல்லும் எதையும் அந்த மாதங்களில் ஒரு நாள்கூடத் தளர்த்தக் கூடாது.

முதல் வேலை செருப்பு மாற்றுவது. செலவு குறைவு, பலன் மிக அதிகம். கோழிக் கொட்டகை (செட்) வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு பலகையோ இரண்டு வரிசை ஹாலோ பிளாக் சுவரோ வையுங்கள். வெளிச் செருப்பை வெளிப்பக்கம் கழற்றிவிட்டு, பலகை மேல் உட்கார்ந்து காலைத் திருப்பி, உள்ளே இருக்கும் ரப்பர் பூட்ஸில் நேராக இறக்க வேண்டும். வெறுங்கால் இரண்டு பக்கத் தரையிலும் படக் கூடாது. இரண்டு செட் இருந்தால் இரண்டு ஜோடி பூட்ஸ். சூப்பர்வைசர், தடுப்பூசி போட வருபவர், கோழி பிடிக்கும் ஆட்கள் என யாராக இருந்தாலும் இதே விதி. ஒரே இரவில் மூன்று பண்ணை ஏறி இறங்கும் கோழி பிடிப்பவர்களிடம்தான் அதிகக் கண்டிப்பு வேண்டும். அவர்களுக்குப் பூட்ஸும் சட்டையும் பண்ணையே கொடுப்பது நல்லது.

அதற்குப் பிறகுதான் கால் நனைக்கும் தொட்டி. தொட்டியில் மருந்து இருந்தும் நோய் நுழைவதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: சேற்றுக் காலோடு இறங்குவது. எச்சமும் மண்ணும் குளோரினைத் தின்றுவிடும். எனவே இரண்டு தொட்டி வேண்டும். முதலாவதில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை இருப்பதால் சோப்பே அதைப் பாதி முடித்துவிடும். இரண்டாவதில் பிளீச்சிங் பவுடர்: 10 லிட்டர் தண்ணீருக்கு 330 கிராம். புதுப் பவுடரில் சுமார் 30 சதம் குளோரின் இருக்கும் என்ற கணக்கில் இது ஏறக்குறைய 1 சதக் கரைசல். வாய் திறந்து கிடந்த மூட்டையில் பாதி வீரியம்கூட இருக்காது. வாசனை மங்கிய பவுடரை வாங்காதீர்கள். தொட்டிக்கு நிழல் வேண்டும், கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும், கலங்கினால் உடனே மாற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ பார்மலினையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுப் புகை கிளம்பும்.

வண்டிக்கு டயர் பள்ளம் கட்டுவதானால் நீளத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டுங்கள். லாரி டயரின் சுற்றளவு 3 மீட்டருக்கு மேல். ஒரு முழுச் சுற்று நனைய வேண்டுமானால் பள்ளத்தின் அடித்தளம் குறைந்தது மூன்றரை மீட்டர் இருக்க வேண்டும், ஆழம் ஓர் அரை அடி. அவ்வளவு வசதி இல்லையென்றால் பவர் ஸ்பிரேயர் போதும். முதலில் வெறும் தண்ணீரால் டயர், மட்கார்டு, அடிப்பாகம் எல்லாவற்றிலும் ஒட்டியதைப் பெயர்க்க வேண்டும். பிறகு மருந்து, பிறகு 10 நிமிடம் காத்திருப்பு. காஸ்டிக் சோடாவை 10 லிட்டருக்கு 200 கிராம் கலந்தும் அடிக்கலாம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் தெறித்துத் தோலையும் கண்ணையும் சுடும். அலுமினியத்தை அரிக்கும். ஓட்டுநர் கேபின் மிதியடியை மறந்துவிடுகிறார்கள். சந்தையில் இறங்கி நடந்த கால் பட்ட இடம் அது. ஓட்டுநர் கீழே இறங்காமலே லோடு ஏற்ற முடிந்தால் மிகவும் நல்லது.

குடிதண்ணீர் திறந்த கிணற்றிலிருந்தோ குட்டையிலிருந்தோ வந்தால் 1,000 லிட்டர் டேங்குக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். தண்ணீரில் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா போன்ற உயிர்த் தடுப்பூசி கொடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம் குளோரின் கூடாது. தடுப்பூசியையும் அது கொன்றுவிடும். அப்புறம் வெள்ளைக்கழிச்சல் வந்து, பறவைக் காய்ச்சலோ என்ற பீதியும் சேர்ந்து வரும்.

வாத்தும் கோழியும் ஒரே இடத்தில் வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் தாரா (வாத்து) மேய விடும் பழக்கம் உண்டு. வாத்து நோயைச் சுமந்தும் பல சமயம் நோய்க்குறி காட்டாது, எச்சத்தில் மட்டும் வைரஸை விட்டுக்கொண்டே நடக்கும். மேய்ச்சல் நடந்த வயல் வழியாகச் செட்டுக்கு நடந்து வராதீர்கள். வேலையாள் தன் வீட்டில் நாட்டுக்கோழியோ சண்டைச் சேவலோ வளர்த்தால் அதுவும் இதே ஆபத்துதான். அந்த வருமானத்தை ஈடுகட்டும் கூலியைக் கொடுத்துப் பேசி நிறுத்துவதே நியாயம். பக்கவாட்டு வலையின் கண் முக்கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் சிட்டுக்குருவி நுழையும். செத்த கோழியைத் தென்னை மரத்தடியில் எறிந்தால் காக்கை அதை அடுத்த பண்ணைக் கூரையில் வைத்துத் தின்னும். மூடியுள்ள குழியில் சுண்ணாம்பு தூவிப் போடுங்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? 5,000 கோழியில் நாளுக்கு ஐந்தாறு சாவது வழக்கம். அது மறுநாள் இரட்டித்து, அதற்கு மறுநாளும் ஏறினால், அல்லது தீவனமோ தண்ணீரோ திடீரென ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்தி யோசியுங்கள். கொண்டை நீலம் பாய்வது, தலை வீக்கம், காலில் ரத்தத் திட்டு, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் எல்லாம் வரலாம். எதுவுமே தெரியாமல் காலையில் கும்பலாகச் செத்தும் கிடக்கலாம். வாத்தில் கண் வெண்மை படிவதையும் வட்டமாக நீந்துவதையும் பாருங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்லும். நீங்களே கோழியை அறுத்துப் பார்க்காதீர்கள்.

அந்த நிமிடமே கேட்டைப் பூட்டுங்கள். கோழி, எரு, தீவன மூட்டை, முட்டை அட்டை, ஆள் எதுவும் வெளியே போகக் கூடாது. கால்நடை மருத்துவரையோ 1962 என்ற கால்நடை உதவித் தொலைபேசி எண்ணையோ அழையுங்கள். கேரளப் பக்கம் என்றால் அருகிலுள்ள மிருகாசுபத்திரி. தகவல் சொல்வது 2009-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி கட்டாயம். மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளைக் கொல்வார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். இழப்பீடு அரசு கொல்லும் பறவைக்கும் அழிக்கும் முட்டை, தீவனத்துக்கும்தான். தானாகச் செத்ததை எண்ணிக் காசு வராது. எனவே மூன்று நாள் மறைத்தால் இழப்பு உங்களுக்குத்தான், அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும்தான். தினசரி இறப்புப் பதிவேடும் குஞ்சு இறக்கிய பில்லும் கையில் இருக்கட்டும். கம்பெனிக் குஞ்சைக் கூலிக்கு வளர்ப்பவர்கள் இழப்பீடு கம்பெனிக்கா, தனக்கா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அவசரத்தில் செத்த கோழியை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன) வாய்க்காலில் விடுவது மிகப் பெரிய தீங்கு. கீழ்மடையில் எத்தனை பண்ணை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கோழியைக் கையாண்டவர்கள் என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். அடுத்த 10 நாளில் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே “செத்த கோழியைத் தொட்டேன்” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான் கிடைக்கும். ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து நோய் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.