இணைய விலையும் லீடு வியாபாரமும்: பழைய கார் கடை வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியில் புதிதாகப் பழைய கார் கடை திறந்திருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் ஓர் ஒப்பந்தப் படிவத்தோடு என் கடைக்கு வந்தார். இணையத்தில் வண்டி தேடுவோரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கடைக்காரர்களுக்கு அனுப்பிவைத்து, அதற்குக் கட்டணம் வாங்கும் நிறுவனம் ஒன்றின் படிவம் அது. அப்படி வரும் எண்ணுக்கு நம் தொழிலில் லீடு என்று பெயர். “அண்ணே, கையெழுத்துப் போட்டுடலாமா? ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க” என்றார். நான்காம் பக்கத்தைப் புரட்டியபோது, ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் படிக்காமல் கையெழுத்திட்ட அதே நிபந்தனை, ஏறத்தாழ அதே சொற்களில் அங்கே உட்கார்ந்திருந்தது.

ராமநாதபுரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பட்டணம்காத்தான் பக்கம் நான் கடை வைத்துப் 19 ஆண்டுகள் ஆகின்றன. மீட்டரைத் திருப்பிய வண்டியை வாங்கக் கூடாது, கடன் தீர்ந்ததற்கு வங்கிச் சான்று இல்லாமல் முன்பணம் தரக் கூடாது என்பவற்றை இத்தொழிலுக்கு வரும் எவரும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வார்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, திரையில் தெரியும் விலையாலும் லீடு விற்போராலும் நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். இவற்றுள் பெரும்பாலானவை நானே செய்தவை.

திரை சொல்லும் மதிப்புக்கு வண்டி வாங்குவது

இணைய மதிப்பீட்டுத் தளங்கள் மாடல், ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்பவற்றைக் கேட்டுக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லும். அந்த வண்டி இரவில் எங்கே நின்றது என்று எந்தத் தளமும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீட்டு வாசலில் திறந்தவெளியில் நின்ற காருக்கும், பரமக்குடியில் நின்ற அதே ஆண்டு காருக்கும் திரையில் ஒரே விலைதான் வரும். ஜாக்கி வைத்துத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உப்புக் காற்று முதலில் சைலன்சரைத் தாங்கும் கம்பிகளையும் பிரேக் குழாய்களையும் கதவுக்குக் கீழே உள்ள மடிப்புத் தகட்டையும் தின்னும். அந்த மடிப்பை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், திரை சொன்ன தொகையை மறந்துவிடலாம்.

மீன் பெட்டி ஏற்றிய காரை மோப்பத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சித்திரை வெயிலில் ஏமாறுவார்கள். ஷாம்பு போட்டுக் கழுவிய வண்டியில் வாங்கும் அன்று வாடை இருக்காது. ஒரு வாரம் கண்ணாடியை ஏற்றிவைத்து வெயிலில் நிறுத்திய பிறகே அது திரும்பி வரும். ஆகவே டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கிவிட்டு, அதன் குழியில் ஐஸ் தண்ணீர் தேங்கிய துருக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றம் கீழக்கரையில் நடக்கும். உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருப்பார். எட்டு வயதுக் கார் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். கிலோமீட்டர் குறைவு என்பதால் திரை அதிக விலை சொல்லும். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும், பேட்டரி இறந்திருக்கும், ரப்பர் சீல்கள் எல்லாம் காய்ந்திருக்கும்.

வரி மாறும்போது திரை எப்போதும் பின்தங்கியே வரும் என்பதையும் நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதன் மேலிருந்த இழப்பீட்டு வரியும் போயிற்று. புதிய வண்டியின் விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கியாக வேண்டும். நான் ஆகஸ்டில் திரை விலைக்கு வாங்கிப் போட்டிருந்த இரண்டு கார்களைத் தீபாவளி கழித்து நட்டத்துக்குத் தள்ளினேன்.

எந்த ஊர் விலை என்று கேட்காமல் பேரத்தில் இறங்குவது

“புது வண்டியே இந்த விலைக்குக் கிடைக்குது, பழசுக்கு இவ்வளவு கேக்குறீங்களே” என்று கைபேசியை நீட்டுகிற வாடிக்கையாளரிடம் வாதாடத் தொடங்குவதற்கு முன், அந்தத் திரையின் மேல் ஓரத்தில் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல நேரங்களில் அது புதுச்சேரியாக இருக்கும், அல்லது வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையாக இருக்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்ந்த பிறகு, புதிய காருக்கு விலையைப் பொறுத்து, 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதத்தில் தொடங்கி, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் வரை கட்ட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டினால் பேரம் பாதியில் நின்றுவிடும். கோபப்பட்டால் ஆளும் போய்விடுவார்.

இதே காரணத்தால், இணையத்தில் மலிவாகத் தெரியும் வெளிமாநில எண் வண்டியை வாங்கிப் போடும்போது, தடையில்லாச் சான்றுக்கும் மறுபதிவுக்கும் இங்கே கட்ட வேண்டிய வரிக்கும் ஆகும் செலவை முதலிலேயே விலையோடு சேர்த்துவிடுங்கள்.

விற்ற வண்டியின் படத்தை இணையத்தில் விட்டுவைப்பது

விற்ற அன்று மாலையே தளத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

விற்பனைப் பதிவேட்டைத் தூக்கிக் கொடுப்பது

அந்த நான்காம் பக்கத்து நிபந்தனைக்கு வருகிறேன். ‘மாதந்தோறும் கடையின் முழு விற்பனை விவரத்தையும் வாங்குவோரின் கைபேசி எண்ணோடு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், லீடு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அதே எண்ணுக்கோ அதே முகவரிக்கோ நடக்கும் விற்பனை, நிறுவனம் கொடுத்த விற்பனையாகவே கொள்ளப்படும்’ என்பது அதன் சாரம். படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். கடைக்காரர் லீடை வாங்கிக்கொண்டு, விற்கவில்லை என்று பொய் சொன்னால் நிறுவனம் என்ன செய்யும் என்று நானும் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கீழக்கரையில் ஒரு பெரியவர் இருக்கிறார். மெக்கானிக்காக இருந்த என் அப்பா காலத்திலிருந்து அவர் குடும்பத்தில் வண்டி மாற்றுவது எங்கள் வழியாகத்தான். ஒரு நாள் அவர் கடைக்கு வந்தார், தேநீர் குடித்தார், ஒரு டீசல் காரைப் பார்த்தார், மறுநாள் பணத்தோடு வந்து எடுத்துக்கொண்டு போனார். மாத முடிவில் நிறுவனத்தின் பில் வந்தபோது அந்த விற்பனைக்கும் 4,500 ரூபாய் போட்டிருந்தார்கள். விசாரித்தபோது, துபாயில் இருந்த அவர் மகன் இரண்டு வாரங்களுக்கு முன், சும்மா விலை பார்ப்பதற்காகத் தந்தையின் எண்ணை அந்தத் தளத்தில் தட்டியிருந்தது தெரிந்தது. முப்பது ஆண்டுப் பழக்கத்தை நான் எடுத்துச் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் 90 நாள் என்றார். அந்த மூன்று மாதத்தில் நான் விற்ற 11 வண்டிகளில் 7 வண்டிகளுக்கு இப்படிக் கட்டணம் கேட்டிருந்தார்கள். அவற்றுள் உண்மையில் அவர்கள் அனுப்பி வந்தவர்கள் இருவர். மற்ற ஐவரும் என் கடைப் பலகையைப் பார்த்தோ, யாரோ சொல்லியோ வந்தவர்கள். இன்று வண்டி வாங்குகிற எவர்தான் முதல் நாள் இரவு கைபேசியில் விலை பார்க்காமல் வருகிறார்? என் சொந்த வாடிக்கையாளர்களை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

பணம் போனது கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் அந்தப் பெரியவர் கூப்பிட்டார். “தம்பி, ஒங்கிட்ட வண்டி எடுத்ததுலேர்ந்து மதுரைக்காரன், மெட்ராஸ்காரன்னு எவனெவனோ போன் போடுறான். இன்சூரன்ஸ் வேணுமாங்குறான், லோன் வேணுமாங்குறான். நம்பர நீயா குடுத்தே?” என்றார். மகன் தட்டிய எண்ணிலிருந்து போயிருக்கலாம், நான் அனுப்பிய பட்டியலிலிருந்தும் போயிருக்கலாம். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் அதற்குப் பிறகும் என்னிடம் வண்டி வாங்கினார். ஆனால் எண் கேட்டால் பேரனின் எண்ணைத்தான் கொடுக்கிறார்.

இதோடும் முடியவில்லை. அந்தப் பதிவேட்டில் என் அக்கா மகனுக்கு அடக்க விலைக்கே கொடுத்த ஒரு ஸ்விஃப்ட் காரும் இருந்தது. சில வாரங்கள் கழித்து, நம் மாவட்டத்தில் அந்த மாடல் இந்த விலைக்கு விற்றிருக்கிறது என்று தளத்தில் ஒரு தொகை வந்தது. அது என் அக்கா மகன் கொடுத்த தொகை, ரூபாய் மாறாமல். அடுத்து வந்தவர்கள் எல்லாம் அதைக் காட்டியே என்னிடம் பேரம் பேசினார்கள். தாய்மாமன் கொடுத்த சலுகை மாவட்ட விலையாகிப் போனதை யாரிடம் போய் விளக்குவது?

நம்மைப் போலவே அமெரிக்கக் கடைக்காரர்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தாம். அங்கே 1995இலேயே ஆட்டோபைடெல் என்னும் நிறுவனம் லீடு அனுப்பும் தொழிலைத் தொடங்கிவிட்டது. பின்னர் வந்த ட்ரூகார், ஒரு புதிய கார் விற்றால் 299 டாலர், பழைய கார் விற்றால் 399 டாலர் என்று கடைகளிடம் வாங்கியது. எந்த விற்பனை தன்னால் நடந்தது என்பதை அறிய, கடைகளின் கணினியிலிருந்தே விற்பனை விவரத்தை எடுத்துத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கடைகள் ஒன்றையொன்று விலையில் வெட்டிக்கொள்ளும்படி ஆனதும், 2011 இறுதியிலும் 2012 தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கான கடைகள் அதைவிட்டு விலகின. அடக்க விலைக்குக் கீழே விளம்பரம் செய்யும் கடைகளுக்கு விளம்பர உதவித்தொகை கிடையாது என்று ஹோண்டா நிறுவனமும் எச்சரித்தது. அதன் பிறகே ட்ரூகார் தன் முறையை மாற்றிக்கொண்டது. அங்கே பெரிய சங்கங்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். இங்கே நமக்குக் கண்ணாடி போட்டுப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான் பாதுகாப்பு.

லீடு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, இன்றும் வாங்குகிறேன். ஆனால் லீடுக்கு இவ்வளவு என்று மட்டுமே பணம் கொடுக்கிறேன். விற்பனைக்கு இவ்வளவு என்னும் ஒப்பந்தத்தைத் தொடுவதில்லை. விற்பனைக்குத்தான் கட்டணம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அந்த எண் ஏற்கெனவே என் பதிவேட்டில் இருக்கக் கூடாது, உரிமைகோரும் காலம் 15 நாளைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்குகிறேன். பதிவேட்டை அனுப்புவதில்லை, அவர்கள் கேட்கும் எண்ணுக்கு விற்றேனா இல்லையா என்று மட்டும் பதில் சொல்கிறேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் ஒரு சட்டமே வந்துவிட்டது. வாடிக்கையாளர் வண்டி வாங்கத் தந்த எண்ணை அவர் சம்மதமில்லாமல் மூன்றாம் ஆளிடம் கொடுக்க நமக்கு என்ன உரிமை?

லீடு நமக்கு மட்டும் வந்தது என்று நம்புவது

அதே எண் மதுரையிலும் சிவகங்கையிலும் இருக்கும் கடைகளுக்கும் போயிருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்றால், கை கழுவுவதற்குள் அவர் வேறிடத்தில் முன்பணம் கட்டியிருப்பார். அழைத்ததும் விலையைக் குறைத்துச் சொல்வதும் வீண். வண்டியின் அடிப்பாகத்தை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து அனுப்புங்கள்; கடலோரத்தில் வாங்குபவருக்கு அதுதான் வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்துக்கும் சேர்த்து ஆண்டுச் சந்தா கட்டுவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளில் மண்டபத்திலிருந்து வரும் லீடு விலை கேட்கும், வண்டி கேட்காது. மாதச் சந்தா போதும்.

பிறர் வண்டியைத் தாளில்லாமல் இணையத்தில் ஏற்றுவது

தெரிந்தவர் வண்டியைக் கடையில் நிறுத்திவிட்டுப் போவார். நாம் படம் எடுத்து ஏற்றிவிடுவோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும்; உரிமையாளர் வண்டியை நம்மிடம் ஒப்படைப்பதைப் படிவம் 29சி வழியாகத் தெரிவிக்கவும் வேண்டும். அது இல்லாமல், சோதனை ஓட்டத்துக்கென்று இணையத்தில் பார்த்து வந்தவர் தேவிபட்டினம் சாலையில் ஒரு மாட்டில் மோதிவிட்டால், அந்த நேரத்தில் வண்டி யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. தொண்டி இளைஞர் வாசலில் அப்படி மூன்று வண்டிகள் நிற்கின்றன. ஒப்பந்தத்தை என்னிடமே வைத்துவிட்டு, முதலில் அவற்றின் உரிமையாளர்களைத் தேடிப் போயிருக்கிறார்.