ரொரைமாவும் ஏஞ்சல் அருவியும்: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிசுவேலாவின் கனைமா தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, நாள் குறிப்பதிலேயே நடந்துவிடுகிறது. ஏஞ்சல் அருவியையும் பார்த்து, ரொரைமா மலையும் ஏறி, ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். இரண்டுக்கும் பருவம் வேறு.

979 மீட்டர் உயரமுள்ள அந்த அருவிக்குச் சாலை கிடையாது. சிறு விமானத்தில் கனைமா கிராமத்துக்குப் போய், அங்கிருந்து மரப்படகில் ஆற்றோட்டத்தை எதிர்த்துப் பல மணி நேரம் போக வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களில் படகு ஓடும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போகலாம். அருவியும் நூலாக மெலிந்துவிடும். ரொரைமா ஏறவோ அந்த வறண்ட மாதங்கள்தான் நல்லவை. எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், மழைக்காலத்து அருவிக்கே என் ஓட்டு.

சரி, ரொரைமாதான் என்றால் ஆறுகளைக் குறைத்து எடை போடாதீர்கள். பரைதெபூய் கிராமத்திலிருந்து நடக்கும்போது தெக், குகெனான் ஆறுகளைக் கடக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காயும். மலையில் பெய்த மழையால் ஆறு திடீரென்று ஏறிவிடும். உள்ளூர்ப் பழங்குடியினரான பெமோன் வழிகாட்டிகள் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். அவர்கள் பிறந்து வளர்ந்த மண் அது. இதற்காகவே கையில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் பாறை வழுக்கும் இடங்களில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு இறங்கினால் பிடிப்பு கிடைக்கும்.

வெப்பமண்டலம்தானே என்று மெல்லிய துணிகளோடு போவதும் தவறு. மலையின் உயரம் 2,810 மீட்டர். உச்சியில் இரவுகள் குளிரும், எந்தப் பருவத்திலும் மழை பெய்யும். ஒரு செட் உடையாவது நனையாத பையில் இருக்கட்டும். கீழே புல்வெளியில் 'பூரி பூரி' என்ற பொடிப்பூச்சி கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். முழுக்கை சட்டை போடுங்கள். மலேரியா, மஞ்சள் காய்ச்சல் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம், உச்சியில் சிதறிக் கிடக்கும் படிகக் கற்கள். ஒன்றே ஒன்றுதானே என்று பையில் போடாதீர்கள். எடுக்கத் தடை உண்டு. பாறைகளில் ஒரு சின்னக் கருந்தேரை ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்குத் தாவத் தெரியாது, உங்கள் காலடியிலிருந்து விலகவும் நேரமிருக்காது. பார்த்து மிதியுங்கள்.